அருகிருந்தும் அறியாத தீவுகள்

நம் தமிழ்ப்பள்ளிகளில் 'கல்விச் சுற்றுலா' என்னும் சடங்கு ஆண்டுதோறும் தவறாமல் நடந்தேறுகிறது. விடியுமுன் பேருந்து பள்ளி வாசலில் வந்து நிற்கும். பாட்டும் கூத்துமாக நெடுஞ்சாலையில் நான்கைந்து மணி நேரம் ஓடும். கேளிக்கைப் பூங்கா ஒன்றில் பாதி நாள், பேரங்காடி ஒன்றில் மீதி நாள். நடுவே கோழி வறுவலும் குளிர்பானமும். நள்ளிரவில் வீடு திரும்பிய பிள்ளைகளிடம் மறுவாரமே 'நான் சென்ற கல்விச் சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். அவர்களும் எழுதித் தருகின்றனர்: புறப்பட்டோம், கண்டோம், உண்டோம், வாங்கினோம், களைப்புடன் திரும்பினோம். ஊர்ப்பெயரை மாற்றிவிட்டால் அக்கட்டுரை உலகத்து எந்த ஊருக்கும் பொருந்தும். அப்படிப்பட்ட பயணத்தைக் கல்வி என்று அழைப்பது எந்த இலக்கணத்தின்பாற்படும்?

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பயிலும் பிள்ளைகள் கடல் சூழ்ந்த மண்ணிலோ கடலோரத்திலோ வாழ்கின்றவர்கள். அவர்களின் கண்ணுக்கெட்டிய தூரத்தில் தீவுகள் இருக்கின்றன. கடல் கடந்து வந்த தமிழனின் முதல் காலடி பதிந்த தீவும் அவற்றுள் ஒன்று. அத்தீவுக்குப் போகாமல், பிளாசுடிக் மலையும் பிளாசுடிக் அருவியும் காட்டுமிடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறோம். இது பணத்தை வீணடிக்கும் செயல் மட்டுமன்று. நினைவை வீணடிக்கும் செயல். பணம் போனால் மீண்டும் ஈட்டலாம்.

இக்கட்டுரையின் கருத்து எளியது. கூட்டம் ஓய்ந்த பருவத்தில், அமைதியான நம் வடபுலத் தீவுகளுக்கு, ஒரு வேனில், சிறு குழுவாக, மெல்லப் போகவேண்டும். முதலில் ஆசிரியர் போகவேண்டும். பின்னர் மாணவரை அழைத்துப் போகவேண்டும்.

இக்கரைக்கு அக்கரை பச்சை

வசதி படைத்த நம்மவர் சிலரிடையே இப்போது புதிய நாட்டம் ஒன்று தோன்றியுள்ளது. படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த வேனை, கேம்பர்வேன் என்கிறார்களே அதனை, வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஐரோப்பாவின் வடகோடித் தீவுகளைச் சுற்றிவருகின்றனர். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்கினித் தீவுகளில் ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடைய கற்குடியிருப்பு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்ட இத்தாலியர் தம் கையால் எழுப்பிய சிறு தேவாலயமும் உண்டு. கோடைக் கூட்டம் கலைந்தபின் சென்று அவற்றைக் கண்டுவந்து வியந்து பேசுகின்றனர். நான் அதனைக் குறைகூறவில்லை. பருவம் முடிந்தபின் போவதும், வேனில் தங்கி மெல்ல நகர்வதும், கிராமத்தாரோடு பேசிப் பழகுவதும் நல்ல முறைகளே. ஆனால் அதே மனிதரிடம் ஜெரெஜாக் தீவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 'அது பழைய சிறைத்தீவுதானே!' என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அயலான் சிறைவைத்த இத்தாலியனின் தேவாலயத்துக்குக் கண்ணீர் விடத் தெரிந்தவருக்கு, தம் பாட்டன் அடைபட்டுக் கிடந்த தீவு வெறும் சிறைத்தீவாகிவிட்டது.

வேனில் தங்கிப் பயணம் செய்வது மேலைநாட்டார் நமக்குக் கற்றுத்தந்த வித்தையும் அன்று. கூண்டுவண்டி பூட்டி, கட்டுச்சோறு கட்டி, வழியில் சத்திரத்திலோ மரத்தடியிலோ தங்கி, திருவிழாவுக்கும் சந்தைக்கும் போனவர்கள் நம் முன்னோர். கூண்டுவண்டியின் இடத்தில் இன்று வேன் வந்திருக்கிறது. சுற்றுலாப் பேருந்தை நடத்துவது ஓட்டுநரின் கடிகாரம். வேனை நடத்துவதோ பயணியின் வியப்பு. ஒரு பிள்ளை, 'ஐயா, அதோ அந்த மலை என்ன மலை?' என்று கேட்டால், பேருந்து அந்த மலையைத் தாண்டிப் போய்விடும். வேனை ஓரமாக நிறுத்தலாம். கேள்வி பிறந்த இடத்திலேயே நின்று விடை தேடுவதைத்தானே கல்வி என்று நமக்குப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லித்தந்தார்கள்?

பருவம் ஓய்ந்தபின் ஏன்?

நம் நாட்டின் மழை இருவகைப்பட்டது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிளந்தானும் திரங்கானும் நனைகின்றன. பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற கிழக்குக்கரைத் தீவுகள் கதவடைத்துக்கொள்கின்றன. அதே மாதங்களில் பினாங்கு, கெடா, பெர்லிஸ் கரைகள் பெரும்பாலும் வறண்டிருக்கும். அதனால்தான் டிசம்பர் முதல் மார்ச் வரை லங்காவியில் நிற்க இடமிராது, அறைவாடகை ஏறிவிடும், படகுக்கு வரிசை நிற்கும். ஏப்ரல் கடந்தால் கூட்டம் மெல்லக் கலைகிறது. செப்டம்பர், அக்டோபரில் மழை வலுக்கிறது. ஆயினும் வடமேற்குத் தீவுகள் கிழக்குக்கரைத் தீவுகளைப்போல் முற்றாகக் கதவடைப்பதில்லை. நெரிசல் காலமும் பெருமழைக் காலமும் அல்லாத இடைப்பட்ட மாதங்களில் வரும் தவணை விடுமுறையே நமக்கு உகந்தது. கடைக்காரருக்குப் பேச நேரமிருக்கும். மீனவர் வலை பின்னிக்கொண்டே கதை சொல்வார். கூட்ட நாளில் பத்துப் பேரில் ஒருவனாக நின்ற பிள்ளை, அன்று விருந்தாளியாகிறான்.

வழியெல்லாம் பாடம்

வழி எது என்று கேட்பார்க்கு ஒரு வழியைச் சொல்கிறேன்.

ஜார்ஜ் டவுனிலிருந்து புறப்படும் வேன், 2014இல் திறக்கப்பட்ட, 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலத்தின் வழியே பத்து காவான் சேரட்டும். அங்கிருந்து பத்து மூசாங் படகுத்துறை அண்மையில்தான். வேனைக் கரையில் நிறுத்திவிட்டுப் படகேறினால் அமான் தீவு. மலாய்மொழியில் அமான் என்றால் அமைதி. மலாய் மீனவர் சிற்றூர் அது, நடந்தே சுற்றிவரலாம். பழம்பெரும் ஈரப்பலா மரத்தையும், கடலருகே இருந்தும் உப்புக் கரிக்காத கிணற்றையும் அவ்வூரார் பெருமையுடன் காட்டுவர். கடல்நீருக்கு அருகே நன்னீர் எப்படி ஊறுகிறது என்ற ஒரு கேள்வியே அறிவியல் ஆசிரியருக்கு இரண்டு பாடவேளைக்குப் போதும். படகிலிருந்து திரும்பிப் பார்த்தால் செபராங் பிறையின் கரை தெரியும். 19ஆம் நூற்றாண்டில் அப்பகுதியின் கரும்புத் தோட்டங்களில்தான் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக முதன்முதல் உழைத்தனர். இரப்பர் பின்னால் வந்தது, கரும்பே முன்னது. இதனை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

அங்கிருந்து வடக்கே கெடாவுக்குள் நுழைந்தால் செராய் மலை எதிர்கொள்ளும். கடல் இன்றைவிட உள்ளே புகுந்திருந்த காலத்தில் அம்மலையே நீர்சூழ்ந்த தீவாக இருந்தது என்பர் ஆய்வாளர். கப்பலோட்டிகளுக்கு அது தொலைவிலிருந்தே தெரியும் கலங்கரை. அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. மெர்போக்கில் தொல்பொருள் காட்சியகம். அதனையடுத்துப் புக்கிட் பத்து பாகாட் கோயிலின் கல்லடித்தளம். 1930களில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயர் இப்பகுதியை அகழ்ந்தார். கடாரம் என்று நம் நூல்களும் கல்வெட்டுகளும் குறிப்பது இந்தக் கெடாக் கரையையே என்பர் அறிஞர். 1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழனின் கடற்படை வந்தது இந்நீர்ப்பரப்பில்தான். 'கடாரம் கொண்டான்' என்ற பட்டத்தை மனப்பாடம் செய்யவைக்கிறோம், மதிப்பெண்ணும் கொடுக்கிறோம். கடாரம் பினாங்கிலிருந்து வேனில் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டும் இடம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அங்கே நிற்கும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2013இல் அப்பள்ளத்தாக்கில் பழங்கோயில் தளம் ஒன்று வீடமைப்புக்காக இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளியானபின் நாடே கொதித்தது. ஆனால் இடித்தது இடித்ததுதான். பார்க்க ஆளில்லாத வரலாற்றைக் காக்கவும் ஆளிருப்பதில்லை.

இன்னும் வடக்கே சென்றால் கோலா பெர்லிஸ். அங்கே வண்டிகளை ஏற்றிச்செல்லும் பெர்ரியில் முன்பதிவு செய்துகொண்டால், வேனோடு லங்காவி போய்ச் சேரலாம். 1987இல் வரிவிலக்குத் தீவான நாள்முதல் லங்காவி என்றால் நமக்கு மிட்டாயும் பீங்கானும் என்றாகிவிட்டது. மச்சின்சாங் மலையின் பாறைகள் ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேற்பட்டவை. நாட்டிலேயே மிகப் பழையவை. அதன் பொருட்டே 2007இல் யுனெஸ்கோ வழியே உலகப் புவிப்பூங்கா என்னும் தகுதி லங்காவிக்குக் கிட்டியது. அந்தப் பாறைமீது கைவைத்துப் பார்க்காமல் மிட்டாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறோம். குற்றமற்ற பெண் கொலையுண்டு நிலத்தைச் சபித்த மசூரியின் கதை அங்கே வழங்குகிறது. கண்ணகியைக் கற்பிக்கும் தமிழாசிரியர் அக்கதையை ஒப்பிட்டுக் காட்டினால் இரு மக்களின் நெஞ்சும் ஒன்றெனப் பிள்ளைகள் உணரமாட்டார்களா? லங்காவியிலும் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. கடைக்குப் போகும் நாம் அப்பள்ளியின் வாசலுக்குப் போவதுண்டா? நம் பிள்ளைகளும் அந்தத் தீவின் பிள்ளைகளும் ஒருநாள் ஒன்றாக அமர்ந்து உண்டால் அதைவிடச் சிறந்த சுற்றுலா வேறேது?

பாட்டன் இறங்கிய கரை

இவையெல்லாம் முன்னுரையே. பயணத்தின் உயிர்நிலை திரும்பும் வழியில், பினாங்கு வாசலிலேயே இருக்கிறது. முதற்பாலத்தில் பினாங்குக்குள் நுழையும்போது இடப்பக்கம் பச்சைப் போர்வை போர்த்த தீவொன்று தெரிகிறதே, அதுவே ஜெரெஜாக்.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழ்த் தொழிலாளர் மேல்தளப் பயணிகளாக, வெயிலிலும் மழையிலும் நாள்கணக்கில் நெருக்கியடித்து வந்தனர். 1926இல் கடலிறங்கிய 'ரஜூலா' கப்பலின் பெயரை நம் தாத்தா பாட்டிமார் பலர் சொல்லக் கேட்டிருப்போம். வங்கக் கடலைக் கடந்துவந்த அவர்களைப் பினாங்கு உடனே கரையேற்றிவிடவில்லை. வாந்திபேதியும் அம்மையும் ஊருக்குள் பரவிவிடுமென்ற அச்சத்தால், ஜெரெஜாக்கில் அமைந்த தொற்றுத்தடுப்பு முகாமில் தங்கவைத்தனர். துணிமணிகள் மருந்துநீரில் நனைந்தன. மனிதர் வரிசையில் நின்றனர். நோயில்லாதவர் குறித்த நாள் கழித்துக் கரையேறி, தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். நோய் தீராதவர் சிலர் அந்த மண்ணிலேயே மண்ணாயினர். மலாயாவில் அவர்கள் கண்டது அந்தத் தீவொன்றே.

1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு, உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. அவ்வாண்டில் பத்து வயதுச் சிறுவனாக வந்திறங்கியவர் இன்று உயிரோடிருப்பின் நூறை நெருங்கியிருப்பார். இதன் பொருளை நாம் உணரவேண்டும். கண்டவர் வாயால் கேட்கும் காலம் முடிந்துவிட்டது. கேட்டவர் வாயால் கேட்கும் காலமும் முடியப் போகிறது. இன்று அறுபதும் எழுபதும் கடந்து நிற்கும் தாத்தா பாட்டிமார், தம் பெற்றோர் சொன்னதை நினைவில் வைத்திருக்கும் கடைசித் தலைமுறையினர். அவர்களையும் பேரப்பிள்ளைகளையும் ஒரே படகில் ஏற்றி அத்தீவுக்கு அழைத்துப் போவதற்கு நமக்கு எஞ்சியிருக்கும் ஆண்டுகள் சிலவே.

அத்தீவு பல துயரங்களைச் சுமந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே தொழுநோயாளர் குடியிருப்பு அங்கே எழுந்தது. பின்னர்க் காசநோய் மருத்துவமனை வந்தது. 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாக இருந்தது. 2004இல் உல்லாச விடுதி திறந்தனர், அதுவும் நிலைக்கவில்லை. அதன்பின்னும் வளர்ச்சித் திட்டங்களைப் பற்றிய பேச்சு அவ்வப்போது எழுந்தது. மாடிவீடுகள் எழுமானால் அவற்றின் அடிக்கல்லின்கீழ் எது புதையும் என்று கேட்க நம் தரப்பில் யார் இருக்கின்றனர்?

ஓர் ஒப்புமை சொல்வேன். 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய ஜெர்மானியக் கப்பல் 'எம்டன்', தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். அதே கப்பல் 1914 அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து 'செம்சுக்' என்னும் ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. மாண்ட மாலுமிகளுக்கு ஜெரெஜாக்கிலும் பினாங்கு நகரிலும் நினைவிடங்கள் உள்ளன. நூறாண்டு கடந்தும் ரஷ்ய நாட்டார் பினாங்குக்கு வந்து தம்மவர்க்கு மலர்வளையம் வைக்கின்றனர். ஒருநாள் காலையில் இறந்த மாலுமிகளை ஒரு நாடு மறக்கவில்லை. ஆண்டுக்கணக்கில், கப்பல் கப்பலாக வந்திறங்கிய தம் முன்னோரை ஓர் இனம் மறந்துவிட்டது.

மறக்காத நம்மவரும் உண்டு. மொரீசியசில் 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து இலட்சம் இந்தியத் தொழிலாளர் வந்திறங்கினர். அவர்கள் ஏறிய படிக்கட்டும் தங்கிய கொட்டடியும் இடிந்து கிடந்தன. பேரப்பிள்ளைகள் அவற்றை மீட்டனர். 'ஆப்பிரவாசி காட்' என்ற பெயரில் அது 2006இல் உலக மரபுச் சின்னமாயிற்று. ஜார்ஜ் டவுன் அத்தகுதியைப் பெற்றது அதற்கு ஈராண்டு பின்னர், 2008இல். அங்கே கூலியின் படிக்கட்டு உலகச் செல்வம். இங்கே கூலியின் கரை புதர்மண்டிய மௌனம்.

சிலர் சொல்லும் தடைகள்

'கூலியாய் வந்த கதையைப் பிள்ளைகளிடம் ஏன் சொல்லவேண்டும்? தாழ்வு மனப்பான்மை வளராதா?' என்பார் சிலர். எல்லாத் தடைகளிலும் இதுவே ஆழமானது. ஆகவே முதலில் இதற்கே விடை கூறவேண்டும். இராசேந்திரனைச் சொல்லும்போது நிமிர்கிற தலை, ஜெரெஜாக்கைச் சொல்லும்போது குனிவானேன்? கடாரத்தைக் கொண்டவன் போர் முடித்துத் திரும்பிப் போனான். ஜெரெஜாக்கில் இறங்கியவனே இங்கே நிலைத்து நின்றான், காடு திருத்தினான், இரயில் பாதை போட்டான், கோயில் கட்டினான், தோட்டந்தோறும் பள்ளிக் கொட்டகை எழுப்பினான். 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வி இன்று இருநூறு ஆண்டு கடந்தும் வாழ்கிறதென்றால், அதற்கு வேர் யார்? மன்னனின் பெருமையை மட்டும் கற்ற பிள்ளைக்குத் தன் வீட்டுப் பாட்டியின் வளைந்த முதுகு விளங்காது. இரண்டையும் கற்றவனுக்கே முழு வரலாறு கிட்டும். மறைப்பதால் தாழ்வு நீங்குவதில்லை. மறைப்பதே தாழ்வை வளர்க்கிறது.

'பிள்ளைகள் கேளிக்கையைத்தானே விரும்புகிறார்கள்' என்பது அடுத்த தடை. படகுப் பயணத்தை விரும்பாத பிள்ளை எங்கே இருக்கிறது? அமான் தீவில் இறாலும் மீயும் உண்டு, அலையோரம் நண்டு துரத்தி, இரவில் வேனருகே பாய்விரித்துக் கதை கேட்பது கேளிக்கையில் சேராதா? பிள்ளைகள் விரும்புவதைக் கேட்டே பாடம் நடத்துவோமாயின் வாய்பாடு என்றோ வழக்கொழிந்திருக்கும்.

'மழை, கடல், பொறுப்பு, ஏதேனும் நேர்ந்தால்?' என்பார் உண்டு. இது நியாயமான அச்சம். கல்வி இலாகாவின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், வானிலை அறிக்கை, அனைவருக்கும் உயிர்காப்பு மேலங்கி ஆகியவை இல்லாமல் ஒரு பிள்ளையும் படகேறலாகாது. கடல் கொந்தளித்தால் கரையிலேயே நின்று பாடம் நடத்துவோம். ஜெரெஜாக்கில் இறங்க அனுமதி கிட்டாத நாளில், படகுத்துறையிலிருந்து அதனைக் காட்டியேனும் சொல்லுவோம். அச்சத்துக்கு மருந்து ஆயத்தமே. வீட்டிலேயே இருந்துவிடுவது அதற்கு மருந்தாகாது.

'செலவு?' என்பது கடைசித் தடை. கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச்சீட்டுக்குக் கொடுப்பதைப் படகுக் கட்டணத்துக்குக் கொடுத்தால் பெரும்பாலும் மிச்சமே ஆகும். கூட்டம் ஓய்ந்த பருவத்தில் வாடகையும் இறங்கியிருக்கும்.

செய்யவேண்டியன

ஆசிரியப் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, வரும் தவணை விடுமுறையில் இரண்டு மூன்று ஆசிரியர் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் அமர்த்தி, இவ்வழியைத் தாமே போய்வரவேண்டும். தான் காணாத இடத்தைப் பிள்ளைக்குக் காட்டுபவன் வழிகாட்டி ஆகான்.

இரண்டாவது, ஒவ்வொரு பள்ளியும் ஒரு குறிப்பேடு திறக்கவேண்டும். மாணவன் தன் தாத்தா பாட்டியிடம் கேட்டு, முன்னோர் ஏறிய துறைமுகம், கப்பல், சேர்ந்த தோட்டம் ஆகியவற்றைத் தன் கையால் எழுதட்டும். தெரியாதென்றால் தெரியாது என்றே எழுதட்டும். அந்த வெற்றிடமும் நமக்குச் செய்திதான். அக்குறிப்பேட்டைக் கையில் ஏந்திக்கொண்டே ஜெரெஜாக்குக்குப் போகவேண்டும்.

மூன்றாவது, நம் எழுத்தாளர் சங்கமும் ஆசிரியர் அமைப்புகளும் ஒன்றுகூடி, தொற்றுத்தடுப்பு முகாமின் எச்சங்களைக் காக்கவும், அங்கு வந்திறங்கியோரின் நினைவை நான்கு மொழியிலும் பொறித்து வைக்கவும் மாநில அரசைக் கேட்கவேண்டும். கேட்பதற்குமுன் நாமே அங்கு ஒருமுறையேனும் நின்றிருக்கவேண்டும்.

மாணவ மணிகளுக்கும் ஒரு சொல். பள்ளி அழைத்துப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் வேன் இருக்கிறது. சிற்றப்பா, மாமா என்று ஓட்டுநர் இருக்கிறார். கட்டுச்சோறு கட்ட அம்மா இருக்கிறார். சனிக்கிழமை காலையில் கிளம்புங்கள். மீனவர் ஊருக்குள் நுழையும்போது அடக்கமாக உடுத்தி, பெரியவர்க்கு வணக்கம் சொல்லி, குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். தாத்தாவை மறக்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள். பாலத்தில் வேன் போகும்போது அந்தப் பச்சைத் தீவைக் காட்டி, 'தாத்தா, உங்கள் அப்பா அங்கேதானே இறங்கினார்?' என்று கேளுங்கள். பிறகு அவர் பேசுவார்.